ஒரு அடி வித்தியாசத்தில் ஐந்து தேசங்கள்

நாலு மணி பதினாறு நிமிடத்துக்கு மழை நின்றது. அதைக் கண்ணால் பார்த்த ஆள் ஒருவர்தான். பார்த்தவர் மூச்சு விடவில்லை. அந்த ஆளைத் தெரிந்தவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அறுபத்தோரு வயதில் அவர் வாயை மூடிக்கொண்டது அதுவே முதல் தடவை.

அவர் பெயர் பொன்னுரங்கம். கோயமுத்தூர்க்காரர். கோல்ஃப் ஆட்டக்காரர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக ஆடுகிறவர் இல்லை. அதையே தொழிலாக வைத்துக்கொண்டு, தோளில் ஒரு மட்டைப் பையோடு, இருபத்திரண்டு வருடம் தேசம் தேசமாக விமானம் ஏறி இறங்கியவர். ஆடிய போட்டிகள் முந்நூற்றுப் பதினொன்று. வாங்கிய கோப்பை ஒன்றுகூட இல்லை.

கோல்ஃப் என்பது கஷ்டமான கணக்கு இல்லை. மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். மட்டையால் பந்தை அடித்து அடித்து ஒவ்வொரு குழியிலும் போட வேண்டும். மொத்தத்தில் யார் குறைந்த தடவை அடித்தாரோ அவர் ஜெயித்தவர். பொன்னுரங்கத்துக்கு அதிகத் தடவை அடிப்பதில்தான் கை ஓடும். ஆட்டத்தின் சட்டத்தை மட்டும் தலைகீழாக மாற்றியிருந்தால் அவர் உலகச் சாம்பியன். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்கு நடந்தது நீலகிரியில், தேன்மலை கிளப்பில், அறுபது தாண்டிய ஆட்டக்காரர்களுக்கான போட்டி. மற்றவர்கள் எல்லோரும் ஆடி முடித்துப் பின்தங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கடைசி ஜோடி. பதினேழு குழி முடிந்தபோது பொன்னுரங்கம் எழுபத்து நாலு அடி. கூட ஆடிய செபாஸ்டியன் எழுபத்தைந்து. ஒரு அடி முன்னிலை. பதினெட்டாவது குழிக்கு நடக்கும்போது மூன்று நாற்பதுக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாலு பேரும் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள்.

நாலு பேர் என்றால் பொன்னுரங்கம், சைதாப்பேட்டை செபாஸ்டியன், நடுவர் வேதமுத்து, பிறகு நஞ்சம்மாள். வேதமுத்து போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் மூடி போட்ட கடிகாரம், பையில் விதிப்புத்தகம். அவர் விசில் ஊதினால்தான் ஆட்டம் நிற்கும், ஊதினால்தான் தொடங்கும். நஞ்சம்மாள் அந்த மைதானத்தில் பத்தொன்பது வருடமாக ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கிறவள். அன்றைக்குப் பொன்னுரங்கத்தின் பை அவள் தோளில்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. மழையால் நின்ற ஆட்டத்தை மாலை ஐந்து மணிக்குள் மறுபடி தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால், இருவரும் கடைசியாக முடித்த குழியோடு கணக்கு முடிந்தது. அதாவது ஐந்து மணிவரை நாலு பேரும் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் கோப்பை பொன்னுரங்கத்துக்கு.

அவருக்குக் கடைசிக் குழி என்றால் பயம். முந்நூற்றுப் பதினோரு போட்டிகளில் மூன்றே மூன்று தடவைதான் முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்திருக்கிறார். மூன்று தடவையும் பந்தைத் தண்ணீரில் போட்டார். இங்கேயும் பதினெட்டாவது குழிக்கு முன்னால் ஒரு ஓடை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இந்த வயதில் இன்னொரு கடைசிக் குழி அவருக்கு வேண்டாம். கோப்பை மட்டும் வேண்டும். ஒன்றே ஒன்று.

அதனால்தான் மழை நின்றதைப் பார்த்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். கொட்டகைக்கு ஒரே வாசல். வாசலில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தன் பெரிய குடையை வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்களுக்குக் குடையின் கம்பிகள் தெரிந்தன, வானம் தெரியவில்லை. கொட்டகைக்கு மேல் மூன்று பெரிய கற்பூர மரங்கள். மழை நின்றாலும் காற்றடிக்கும்போதெல்லாம் இலைகளில் நின்ற தண்ணீர் தகரத்தில் தடதடவென்று கொட்டியது. உள்ளே கேட்பவர்களுக்கு மழை வலுத்துக்கொண்டே இருந்தது.

“எதுக்குங்கண்ணா வாசல்ல கொடையப் பிரிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?” என்றாள் நஞ்சம்மாள்.

“சாரல் அடிக்குது நஞ்சம்மா. உங்க அல்லாருக்கும் சளி புடிச்சுக்கும் பாரு.”

வேதமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு இருபது. ஒரு தடவை வெளியே எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்” என்று முழங்காலில் கையூன்றி எழப் போனார்.

“மழைன்னதும் ஞாபகம் வருதுங்க சார்” என்றார் பொன்னுரங்கம் அவசரமாக. “மலேசியாவுல ஒரு மழை பாத்தனுங்க. மழையக்கூட விடுங்க, காத்து! கடைசிக் குழி. நான் ஒரு அடி முன்னால. பந்தை வெச்சு ஒரு போடு போட்டனுங்க. இருநூத்தம்பது கஜம் நேராப் போச்சு. போயி, நடு வானத்துல நின்னு யோசிச்சுது.”

வேதமுத்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். “எது யோசிச்சுது?”

“பந்துதானுங்க. போலாமா, திரும்பலாமான்னு. காத்து ஒரு தள்ளுத் தள்ளுச்சு. திரும்பி என் தலைக்கு மேல பறந்து, ரோட்டைத் தாண்டி, நான் தங்கியிருந்த ஓட்டல், மூணாவது மாடி, என்ற ரூம் ஜன்னல்ல பூந்து, தொறந்து கெடந்த பெட்டிக்குள்ள விழுந்துருச்சு.”

“பந்து எங்கே விழுந்துதோ அங்கேருந்துதான் அடிக்கணும்” என்று வேதமுத்து உட்கார்ந்தார். விதி என்று வந்துவிட்டால் அவரால் நின்றுகொண்டு பேச முடியாது.

“அதேதானுங்க அந்த ஊர் நடுவரும் சொன்னாரு. லிப்ட்டுல ஏறிப் போனோம். பெட்டிக்கு முன்னால நின்னு அடிச்சனுங்க. பந்தும் போச்சு, அடியில மடிச்சு வெச்சிருந்த வேட்டியும் போச்சு. வேட்டி காத்துல பாய்மரமாட்ட விரிஞ்சு, பந்தை மடியில வெச்சுத் தூக்கிட்டுப் போயி, குழிக்குப் பக்கத்துல பூப்போல எறக்கி விட்டுது. குழிக்கும் பந்துக்கும் நாலு வெரக்கடை.”

“அப்போ கெலிச்சிட்டியா?” என்றார் செபாஸ்டியன்.

“எங்கீங்க! அந்த வேட்டி குழி மேலயே விரிஞ்சு படுத்துக்கிச்சு. கஞ்சி போட்ட சலவை வேட்டி, பலகையாட்ட மொடமொடன்னு. நான் தட்டத் தட்டப் பந்து அது மேலயே உருண்டு அந்தப் பக்கம் போகுது, இந்தப் பக்கம் வருது. தோத்துட்டனுங்க. ஒரே ஒரு அடியில.”

“ஜன்னலைச் சாத்திட்டுப் போயிருந்தா ஜெயிச்சிருக்கலாம்” என்றாள் நஞ்சம்மாள்.

வெளியே காற்று நின்றுபோனது. தகரத்தின் மேல் சத்தம் குறைந்தது. செபாஸ்டியன் காதைத் தீட்டினார். “இன்னாபா, மழ வுட்டா மாரி கீது?”

பொன்னுரங்கம் மனதுக்குள் கற்பூர மரத்தைக் கும்பிட்டார். மரம் கைவிடவில்லை. தடதடவென்று ஒரு குடம் தண்ணீரைத் தகரத்தில் கவிழ்த்தது.

“வுடல” என்று செபாஸ்டியன் காலை நீட்டிக்கொண்டார்.

“மழையே பரவால்லீங்க. தாய்லாந்துல எனக்கு வந்தது யானை” என்றார் பொன்னுரங்கம்.

“வந்துட்டான்யா அடுத்த தேசத்துக்கு.”

“கேளுங்க செபாஸ்டியன் அண்ணா. கடைசிக் குழி. நான் ஒரு அடி முன்னால. பந்து போயி விழுந்த எடத்துல ஒரு யானை காலை வெச்சிருச்சு. வெச்ச காலை எடுக்கவே இல்லை. மூணு பேரு வாழைத்தார் காட்டிக் கெஞ்சின பொறவுதான் எடுத்துது. பந்து ஏழடி ஆழத்துக்கு எறங்கிப் போயிருச்சு. நடுவர் எட்டிப் பாத்தாரு. ‘பந்து தெரியுது, அடி’ன்னுட்டாரு. ஏணி வெச்சு எறங்கினனுங்க. மொத அடி, மண்ணு. ரெண்டாவது அடி, பாறை. மூணாவது அடி அடிச்சேன் பாருங்க, தண்ணி பீச்சிட்டுக் கெளம்பி என்னையும் பந்தையும் சேத்து மேல தூக்கி வீசிருச்சு.”

“கெணறா?” என்றாள் நஞ்சம்மாள்.

“கெணறுதானுங்க. அந்த ஊருல பதினாலு வருசமாத் தண்ணிப் பஞ்சமாமா. இன்னைக்கும் அந்தக் கெணத்துக்கு என்ற பேருதான்.”

“தாய்லாந்துக்காரன் வாய்ல பொன்னுரங்கம் பூருமா?”

“பூராதுங்க. சுருக்கி ‘ரங்’குனு கூப்படறாங்க.”

நஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுரங்கத்துக்கு உற்சாகம் ஏறிவிட்டது. “அடுத்த அடி அடிக்கலாம்னு பாத்தா, ஊர்ப் பொம்பளைங்க பூராக் கொடத்தோட வந்து வரிசையில நின்னுட்டாங்க. வரிசைய மறிச்சு எப்படீங்க பந்தடிக்கறது? நம்ம வளர்ப்பு அப்படி இல்லீங்களே. கடைசிக் கொடம் நெறையற வரைக்கும் நின்னேன். நேரத்தைக் கடத்திட்டேன்னு நடுவர் ஒரு அடி தண்டனை போட்டுட்டாரு. அந்த ஒரு அடியிலதான் தோத்தேன்.”

“சரியாத்தான் போட்டிருக்கார்” என்றார் வேதமுத்து. “வேணும்னே நேரத்தைக் கடத்தினா ஒரு அடி தண்டனை. யாரா இருந்தாலும்.”

பொன்னுரங்கம் குடையை இன்னும் கீழே இறக்கிப் பிடித்தார். கதையில் வேறு ஏதாவது தண்டனையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மணி நாலு இருபத்தொன்பது. அப்போதுதான் புதிதாக ஒரு ஆபத்து வந்தது. மேற்கே மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. குடைக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு கொட்டகைத் தரையில் விழுந்தது. பொன்னுரங்கம் இடது காலை நகர்த்தி அதன்மேல் ஷூவை வைத்தார். கோடு வலது பக்கம் விரிந்தது. வலது காலையும் வைத்தார். இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, கையில் குடையோடு, பார்ப்பதற்குக் காவல்தெய்வம் மாதிரி இருந்தார்.

“ஏண்ணா இப்படி உக்காந்திருக்கீங்க?” என்றாள் நஞ்சம்மாள்.

“முட்டி வலி. ஜப்பான்ல வந்தது.”

“ஜப்பான்லயும் தோத்தீங்களா?”

“தோக்காம?” பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார். “ஆனா அது மாதிரி மரியாதையா யாரும் என்னைத் தோக்கடிச்சதில்லீங்க. அந்த ஊர்ல நாம குனிஞ்சு கும்பிட்டா எதிராளி இன்னும் கொஞ்சம் குனியறான். அவனுக்குக் கொறையக் கூடாதுன்னு நாம இன்னும் குனியோணும். நானும் என்கூட ஆடினவனும் மொதக் குழியில கும்பிட ஆரம்பிச்சு நிமுர்றதுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு பேரு நெத்தியிலயும் புல்லு ஒட்டியிருந்துது. முட்டி போனது அப்பத்தான்.”

“சரி, ஆட்டம்?” என்றார் வேதமுத்து.

“கடைசிக் குழி. நான் ஒரு அடி முன்னால. பந்துக்கும் குழிக்கும் மூணடி தூரம். கண்ணை மூடிட்டுத் தட்டினாப் போயிரும். தட்டினனுங்க. பந்து நேராப் போகுது. போறதைப் பாத்து அந்தக் குழி, ‘ஐயோ, பெரியவரு வர்றாரு’ன்னு ஒதுங்கி வழி விட்டுருச்சு.”

செபாஸ்டியன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

“குழியா?” என்றார் வேதமுத்து.

“குழிதானுங்க. நட்டு வெச்ச கொடியோட ஒதுங்குச்சு. நான் இந்தப் பக்கமாத் தட்டினா அந்தப் பக்கம் ஒதுங்குது, அந்தப் பக்கமாத் தட்டினா இந்தப் பக்கம். ஆறு தடவை. அதுக்கு மேல எனக்கு ரோசம் வந்துருச்சு. ஏழாவது தடவை முதுகைக் காட்டித் திரும்பிப் பந்தை எதிர்த் தெசையில அடிச்சிட்டு நடந்தனுங்க. ‘அடடா, பெரியவரு கோவிச்சுட்டுப் போறாரே’ன்னு அந்தக் குழி பின்னாலயே ஓடியாந்து பந்தை உள்ள வாங்கிக்கிச்சு.”

“பரவாயில்லையே!” என்றாள் நஞ்சம்மாள்.

“என்ன பரவால்ல, அதுக்குள்ளாற ஒரு அடி பிந்திட்டனே!”

செபாஸ்டியன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். வேதமுத்து சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “மூணு தேசம். மூணுலயும் ஒரே ஒரு அடியில தோத்திருக்கீங்க. அதெப்படி?”

பொன்னுரங்கம் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். உண்மை வேறு. மலேசியாவில் அவர் தோற்றது பதினாலு அடியில். தாய்லாந்தில் முதல் இரண்டு நாளிலேயே கழித்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். யானையை அவர் பார்த்தது ஊர் திரும்பும் வழியில், விமான நிலையத்துச் சுவர்ப் படத்தில். ஜப்பானில் ஆடவே இல்லை. ஓட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தார். ஒரே ஒரு அடியில் தோற்கிற பெருமை அவருக்கு எந்த ஊரிலும் வாய்த்ததில்லை.

“துபாய்லயும் அப்படித்தானுங்க” என்றார். கதையை நிறுத்தினால் யாராவது எழுந்துவிடுவார்கள். “மணல்ல விழுந்த பந்தை வெளிய எடுக்கறதுதானுங்க இந்த ஆட்டத்துலயே கஷ்டம். அந்த ஊரே மணலு! அடிக்கறேன், மணல்ல விழுகுது. மறுபடி அடிக்கறேன், மணல்ல விழுகுது. நாலு நாள் அடிச்சுட்டே போனேன். அஞ்சாம் நாள் காலையில பாத்தா எல்லையத் தாண்டி அடுத்த தேசத்துல கெடக்குது பந்து. சோதனைச் சாவடியில ஒருத்தன் பந்தை உருட்டி உருட்டிப் பாத்துட்டு அது மேல சீல் குத்தினான். என்னைப் பாத்தான். ‘பந்து போலாம், நீ போகக் கூடாது’ன்னுட்டான்.”

“பந்துக்கு விசா குடுத்தானா?” என்றார் செபாஸ்டியன்.

“அதைப் பாத்தா யோக்கியமாத் தெரிஞ்சிருக்கும் போல.”

“இதுவும் ஒரு அடியா?” என்றார் வேதமுத்து.

“கையெட்டற தூரத்துல பந்து கெடக்குதுங்க. ஒரு அடிதான். அடிக்க விடலை.”

நஞ்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்ததில் மட்டைப் பை சரிந்தது. மணி நாலு நாற்பத்தொன்று. இன்னும் பத்தொன்பது நிமிடம். பொன்னுரங்கம் தன் சரக்கைக் கணக்குப் பார்த்தார். மிச்சம் இருந்தது கென்யா ஒன்றுதான். கென்யாவை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காரணம், அப்போதுதான் அது அவருக்குத் தோன்றியது.

“இதெல்லாம் சும்மாங்க. கென்யாவுல நடந்ததுதான் ஆட்டம்” என்று தொண்டையைச் செருமினார். “மலை மேல மைதானம். காத்து லேசு. மேகம் நம்ம இடுப்பளவுக்குத்தான் வரும். கடைசிக் குழி. நான் ஒரு அடி முன்னால. இந்தத் தடவை விடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு, பொறந்ததுலருந்து தின்ன ராகிக்களி அத்தனையும் கைக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு அடி அடிச்சனுங்க. மேல போச்சு. போச்சு. போச்சுங்க.”

நிறுத்தினார். தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

“எறங்குச்சா?” என்றார் செபாஸ்டியன்.

“இல்லீங்க.”

“இன்னா இல்ல?”

“இன்னும் எறங்கலீங்க.”

“தேடறதுக்கு மூணு நிமிஷம்தான்” என்றார் வேதமுத்து. “அதுக்குள்ள கெடைக்கலைன்னா தொலைஞ்ச பந்து.”

“தொலைஞ்சாத்தானுங்களே சார்? கண்ணுக்குத் தெரியுதே! பதினோரு மாசத்துக்கு ஒருக்கா நம்ம ஊருக்கு மேலயே போகுது. எங்கூட்டுக்காரி மொட்டை மாடியில வடாம் போடறப்ப ரெண்டு தடவை பாத்திருக்கா. பந்து எறங்காம என்ற ஆட்டம் முடியாது. ஆட்டம் முடியாம சீட்டுல கையெழுத்துப் போட முடியாது. என்கூட ஆடின கென்யாக்காரன் என்ற கணக்குச் சீட்டைக் கையில புடிச்சிட்டு இன்னும் அதே எடத்துல நிக்கறான். அவனுக்கு அங்கயே கல்யாணம் ஆச்சு. மக பொறந்து, மகளுக்கும் கல்யாணம் ஆகி, மருமகன்தான் இப்ப மூணு வேளையும் சோறு கொண்டாந்து குடுக்கறான். அதனாலங்க, ரெக்கார்டுப்படி பாத்தா, அந்தப் போட்டியில நான் இன்னும் தோக்கலை.”

“அது கீழ வந்தா எங்கபா வுழும்?” செபாஸ்டியன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

பொன்னுரங்கம் அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேதமுத்து கடிகாரத்தை மூடினார்.

“பொன்னுரங்கம். மணி நாலு ஐம்பது. வாசல்ல இருக்கறது நீங்க. நடுவரா கேக்கறேன். மழை பெய்யுதா, நின்னுடுச்சா?”

இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பந்து நடுவர் கூடவே வருவதில்லை. புதருக்குள் தனியாக நின்று ஆறு தடவை அடித்தவன் வெளியே வந்து ஆறு என்று தானே சொல்ல வேண்டும். நாலு என்று சொன்னாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. பொன்னுரங்கம் இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ புதருக்குள் நின்றிருக்கிறார். எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் குறைத்ததில்லை. குறைத்திருந்தால் இரண்டு கோப்பையாவது வீட்டில் இருந்திருக்கும். ஆட்டம் முடிந்த பிறகு வாய் எந்தத் தேசத்துக்கு வேண்டுமானாலும் போகும். ஆட்டத்துக்குள் நடுவர் கேட்டால் அது வேறு.

இன்னும் பத்து நிமிடம். ‘பெய்யுதுங்க’ என்று ஒரு வார்த்தை. கற்பூர மரம்கூட அவருக்குச் சாதகமாக ஒரு உலுக்கு உலுக்கித் தகரத்தில் கொட்டியது. அவர் வாயைத் திறந்தார்.

“நின்னுருச்சுங்க.”

“எப்போ?”

“நாலு பதினாறுக்கு.”

குடையை மடக்கினார். கொட்டகை முழுக்க வெயில் வந்து விழுந்தது. நாலு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். நஞ்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அட கருமமே! யானை வந்துச்சு, வேட்டி பறந்துச்சு, குழி எந்திரிச்சு ஓடுச்சு. இன்னும் பத்து நிமிஷத்துக்கு ஒரு சின்னப் பொய் வரலியா உங்களுக்கு?”

“வரலையே நஞ்சம்மா” என்றார் பொன்னுரங்கம்.

வேதமுத்து விதிப்புத்தகத்தைப் பிரித்தார். அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் பிரித்து, விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நேரத்தைக் கடத்தினதுக்கு ஒரு அடி தண்டனை. எழுபத்து நாலு, இனிமே எழுபத்தைந்து. ரெண்டு பேரும் சமம்.”

“சார்” என்றார் செபாஸ்டியன். “எனக்கும் ஒண்ணு போடு.”

“உங்களுக்கு எதுக்கு?”

“அவன் ஷூவுக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சம் வழிஞ்சிக்கினு இருந்திச்சி. இருவது நிமிஷமா பாத்துக்கினுதான் குந்திக்கினு இருந்தேன். அந்தக் குழி ஒதுங்கி நிக்க சொல்ல எப்டி சார் எந்திரிக்கறது? அப்பால பந்து வேற மேல போய்ட்ச்சி. நானும்தான் நேரத்தக் கடத்திக்கீறேன். போடு.”

வேதமுத்து அரை நிமிடம் யோசித்தார். நியாயம் செபாஸ்டியன் பக்கம் இருந்தது. “எழுபத்தாறு” என்று எழுதினார். பிறகு, “நானும்தான் உக்காந்து கேட்டேன். நடுவருக்குத் தண்டனை போட விதியில இடமில்லை” என்றார். அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது போலத் தெரிந்தது.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு விசில் ஊதினார்.

பொன்னுரங்கம் பந்தை வைத்தார். முந்தைய மூன்று தடவையும் பந்து போனது தண்ணீருக்குத்தான். எதிரே ஓடை மழைத் தண்ணீரில் புரண்டு ஓடியது. நூற்று அறுபது கஜம் தாண்டியாக வேண்டும். நஞ்சம்மாள் மட்டையை எடுத்துக் கொடுத்தபோது, “ஓடையப் பாக்காதீங்கண்ணா, என்னைப் பாருங்க” என்றாள். அவளைப் பார்த்தார். அவள் இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். அந்தக் கோபத்தைப் பார்த்ததில் ஓடை மறந்துபோனது. அடித்தார். பந்து ஓடையைத் தாண்டிப் பத்து கஜம் தள்ளி விழுந்தது.

இரண்டாவது அடி நேராகப் போனது. மூன்றாவது அடியில் பந்து, குழியைச் சுற்றியுள்ள வெட்டின புல்தரையில் ஏறியது. நாலாவதாக மெதுவாகத் தட்டினார். குழிக்கு இரண்டடியில் நின்றது. செபாஸ்டியன் அதற்குள் ஐந்து அடியில் முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவர் மொத்தம் எண்பத்தொன்று. இந்த இரண்டடி தூரம் உள்ளே போனால் பொன்னுரங்கம் எண்பது.

குனிந்தார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை பந்துக்குப் பக்கத்தில் விழுந்தது. தட்டினார். பந்து உருண்டது. குழி இருந்த இடத்திலேயே இருந்தது. பந்து உள்ளே விழுந்தது.

அவ்வளவுதான். முந்நூற்றுப் பன்னிரண்டாவது போட்டியில் பொன்னுரங்கம் ஜெயித்தார்.

கிளப் தாழ்வாரத்தில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். பதினாலு பேர் கூடியிருந்தார்கள். கிளப் செயலாளர் கோப்பையைக் கொடுத்தார். முக்கால் டம்ளர் டீ பிடிக்கும் அளவுக்கு இருந்தது. பொன்னுரங்கம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கடைசிக் குழியில எப்படி ஜெயிச்சீங்கன்னு எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார் செயலாளர்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார்.

“மொத அடி, ஓடையத் தாண்டுச்சுங்க.”

“ஓ!”

“ரெண்டாவது அடி, நேராப் போச்சுங்க.”

“அப்புறம்?”

“மூணாவதும் நேராத்தான் போச்சு.”

யாரோ இருமினார்கள். பொன்னுரங்கம் மனதுக்குள் அவசரமாகத் தேடினார். ஒரு காற்று, ஒரு குரங்கு, ஒரு சோதனைச் சாவடி, எதுவும் அகப்படவில்லை. ஜெயித்துவிட்ட ஆட்டத்தில் எதைக் கொண்டுபோய் எங்கே நுழைப்பது? பந்து போகவேண்டிய இடத்துக்கெல்லாம் ஒழுங்காகப் போயிருந்தது.

“நாலாவது, கொஞ்சம் மெதுவாத் தட்டினேன். அஞ்சாவதுல உள்ள போயிருச்சுங்க.”

“நல்லது, நல்லது” என்றார் செயலாளர். கைதட்டினார்கள். ஒவ்வொருவராக வர்க்கித் தட்டின் பக்கம் நகர்ந்தார்கள்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் ஒரு குரல் எழுந்தது. செபாஸ்டியன் ஒரு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்திருந்தார்.

“அத்த வுடு நைனா, நான் எப்டி தோத்தேன்னு கேளு. ரெண்டாவது அடி அடிக்கறேன். ஓடைலேர்ந்து சொட்டச் சொட்ட நனஞ்சிக்கினு ஒரு சிறுத்த ஏறி வருது. நேரா என் பந்தாண்ட வந்துச்சி. தன் குட்டின்னு நெனச்சிக்கிச்சி போல. கவ்விக்கினு மடில வெச்சிக்கினு நக்க ஆரம்பிச்சிட்ச்சி. நக்கி நக்கி, எலுமிச்சங்கா சைஸ்ல இருந்த பந்து கோலி சைஸ் ஆயிட்ச்சி. நான் இன்னா பண்ணேன்...”

வர்க்கித் தட்டைச் சுற்றி இருந்தவர்கள் தட்டோடு அங்கே போனார்கள். செயலாளர் போனார். வேதமுத்து போய், “சிறுத்தை பந்தைத் தொட்டா அதுக்குத் தனி விதி இருக்கு” என்று உட்கார்ந்தார். பொன்னுரங்கம் கோப்பையோடு தனியாக நின்றார். கொஞ்சநேரம் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரும் மெல்ல நடந்து கூட்டத்தின் பின்னால் போய் நின்று கழுத்தை நீட்டினார்.

சிறுத்தை இப்போது பந்துக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. “ஏனுங்க, நானும் அங்கதான இருந்தேன்! சிறுத்தையும் வரலை, ஒண்ணும் வரலை! பந்து சாதாரணமாத்தானுங்க போச்சு!”

ஒன்றைத் தவிர எல்லாத் தலைகளும் திரும்பி அவரை முறைத்தன. கூட்டத்தின் நடுவில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த நஞ்சம்மாள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

“ஜெயிச்சவங்கெல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கமாப் போய் நில்லுங்கண்ணா. இங்க கதை நடக்குது.”